முதுநிலை படிப்பா, வேலையா? குமரி மாவட்டப் பட்டதாரிகள் போட வேண்டிய கணக்கு

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டால் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் இருக்காது. பிளாஸ்டிக் ஃபைலோடு அம்மா ஒரு பக்கம், போனைப் பார்த்தபடி பிள்ளை ஒரு பக்கம். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் "எந்தக் கோர்ஸ்?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான் வரும்: "சும்மா வீட்டுல இருக்கதுக்கு எம்மெஸ்ஸிக்குப் போட்டுருங்க."

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பட்டப்படிப்பு முடித்தவர் இல்லாத தெரு குறைவு. அதனால் அடுத்தது முதுநிலை என்பது பலருக்கு ஒரு முடிவாகவே தோன்றுவதில்லை; பிளஸ் டூவுக்குப் பின் கல்லூரி மாதிரி தானாக நடக்கிற காரியமாகிவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளாக விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கேரளத்தில் நான்காண்டுப் பட்டம், ஓராண்டு முதுநிலை, ஓராண்டு பி.எட்., எம்.ஃபில். ரத்து என்று செய்திகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு முறை. முதலில் இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டு, அப்புறம் படிக்கலாமா வேண்டாமா என்பதற்கு வருவோம்.

மூன்றாண்டு, நான்காண்டு: எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த குமரி மாவட்டக் கல்லூரிகளிலும் அதுதான். கேரளத்தில் 2024 ஜூலையில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறின. அங்கே மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். விருப்பமும் தகுதியும் இருந்தால் நான்காம் ஆண்டு படித்து ஆனர்ஸ் பட்டம் வாங்கலாம். அந்த முதல் அணி மூன்றாம் ஆண்டை முடிப்பது 2027-இல்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வகுத்த முறை இப்படி:

1. மூன்றாண்டுப் பட்டம் பெற்றவருக்கு முதுநிலை இரண்டு ஆண்டு.
2. நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு முதுநிலை போதும்.
3. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் மதிப்பெண் இருந்தால் முதுநிலை இல்லாமல் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இது 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிகளில் உள்ளது.
4. அதே விதிகளோடு எம்.ஃபில். முடிந்தது. இன்னும் எங்காவது எம்.ஃபில். சேர்க்கை விளம்பரம் கண்ணில் பட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கூட்டிப் பார்த்தால் மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் படிக்கிற சித்தி மகள் ஓராண்டில் எம்.எஸ்ஸி. முடித்துவிடுவாள், நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டு ஆண்டு என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஓராண்டு பி.எட். பற்றியும் ஒரு வார்த்தை. இப்போதுள்ள பி.எட். இரண்டு ஆண்டு. முதுநிலையோ நான்காண்டுப் பட்டமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்ற யோசனை, ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் இடம்பெற்றது. வரைவு என்பது வரைவுதான். கல்லூரி தன் சேர்க்கை அறிவிப்பில் 'ஓராண்டு' என்று அச்சிட்டுத் தரும்வரை அதை நம்பி எம்.எஸ்ஸி. சேர்வது சரியான கணக்கு அல்ல.

பட்டம் செய்யும் மூன்று வேலைகள்

எல்லாப் பட்டமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில பட்டங்கள் உரிமம் போல. சட்டம் படிக்காமல் நீதிமன்றத்தில் வாதாட முடியாது, பி.எட். இல்லாமல் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. இங்கே 'படிக்கலாமா' என்பதல்ல கேள்வி; அந்தத் தொழில் வேண்டுமா என்பதே கேள்வி.

இன்னும் சில பட்டங்கள் ஒரு பதவிக்கான குறைந்தபட்சத் தகுதி. கல்லூரி உதவிப் பேராசிரியர், மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் போன்றவை இந்த வகை. மூன்றாவது வகையை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. எம்.பி.ஏ., எம்.சி.ஏ., வெளிநாட்டு எம்.எஸ். எல்லாம் இதில் வரும். படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் படிக்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுமா என்பது எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, படிப்பவருக்குக் கைவந்தது என்ன என்பதையெல்லாம் பொறுத்தது.

வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான். 'டிகிரிக்கு மேல் டிகிரி' என்று பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டு, பிள்ளை போக நினைக்கும் வேலையின் அறிவிக்கையை எடுத்து, 'கல்வித் தகுதி' என்ற பத்தியைப் படித்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆசிரியர் வேலை: எம்.எஸ்ஸி., பி.எட். என்ற பழைய பாதை

குமரி மாவட்டத்தில் அதிகம் பேர் மனத்தில் வைத்திருக்கும் பாதை இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டென்ட் பணிக்கு இளநிலைப் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், அதன்பின் ஒரு போட்டித் தேர்வு. முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அசிஸ்டென்ட் பணிக்கு முதுநிலைப் பட்டம், பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இதற்கு டெட் கிடையாது.

சம்பளத்தைப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியரின் ஊதிய நிலை 16, தொடக்கம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியரின் நிலை 18, தொடக்கம் 36,900. இரண்டு ஆண்டு கூடுதலாகப் படித்ததற்குத் தொடக்க அடிப்படைச் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் 500 ரூபாய். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இரண்டு அறிவிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

அதனால் எம்.எஸ்ஸி. வீண் என்று சொல்லவில்லை. எழுத வேண்டிய தேர்வு ஒன்று குறைகிறது. பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பு வருகிறது. கல்லூரிப் பக்கம் போகவும் வழி திறக்கிறது. ஆனால் 'எம்.எஸ்ஸி. படித்தால் சம்பளம் கூடும்' என்பது மட்டுமே காரணம் என்றால், அந்தக் காரணம் 500 ரூபாய் எடைதான்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் சேர்வதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை:

1. பாடத்தின் பெயர். நவீனமாக ஒலிக்கும் பெயரோடு ஒரு முதுநிலைப் பட்டம் இருக்கும். ஆனால் தேர்வு வாரியத்தின் பாடப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. அப்போது அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்ற அரசாணை தேவைப்படும். சேரும்போதே கல்லூரியில் கேளுங்கள். தேர்வில் ஜெயித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று அழுவது கொடுமை.
2. தமிழ்வழி இடஒதுக்கீடு. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தப் பணிக்குக் கேட்கப்பட்ட தகுதி வரைக்கும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பி.எஸ்ஸி. வரை தமிழ்வழியில் படித்துவிட்டு எம்.எஸ்ஸி.யை ஆங்கிலவழியில் முடித்தால், முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தச் சலுகை நழுவிவிடும்.
3. 'செட்' என்ற சொல். எல்லை மாவட்டத்துக்கே உரிய குழப்பம் இது. தமிழ்நாட்டில் செட் என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான மாநிலத் தகுதித் தேர்வு. கேரளத்தில் செட் என்றால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு. 'திருவனந்தபுரத்தில் செட் பாஸ் பண்ணிட்டான், இனிக் காலேஜ் வாத்தியார்தான்' என்று யாராவது சொன்னால், இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி

உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 சதவீதமும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தேர்வான செட் தேர்ச்சியும் வேண்டும், அல்லது பிஎச்.டி. இருக்க வேண்டும். பிஎச்.டி. கட்டாயம் என்று இடையில் ஒரு விதி வந்தது. 2023 ஜூலையில் யு.ஜி.சி. அதை விலக்கிக்கொண்டது.

நெட் தேர்வில் முன்னணியில் வந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சிக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதானால் வயது வரம்பே கிடையாது. மாணவர் பலர் கவனிக்காத விஷயம்: முதுநிலை இறுதியாண்டு படிக்கும்போதே நெட் எழுதலாம். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளை அந்த ஆண்டிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் பெற்றோர் தோளில் பாரம் இல்லை. கிடைக்காமல் சொந்தக் காசில் பிஎச்.டி. என்றால் அது வேறு வாழ்க்கை.

காத்திருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இப்படி இடையில் கிடக்கும் காலத்தில் பலர் சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு வகுப்பெடுக்கிறார்கள். அதே தகுதி, அதே வகுப்பறை. அரசுக் கல்லூரியில் தொடக்கம் 57,700, சுயநிதியில் அதில் ஒரு துண்டு. இதைத் தாங்கிக்கொள்ள வீட்டில் வசதி இருக்கிறதா என்பது பாடத்தில் எவ்வளவு விருப்பம் என்ற கேள்விக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

முதுநிலை கேட்காத வேலைகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 1-க்கும் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். வங்கித் தேர்வுக்கும் அப்படியே. மகேந்திரகிரியிலோ தும்பாவிலோ இஸ்ரோ விஞ்ஞானி ஆக வேண்டும் என்று கனவு காணும் பொறியியல் மாணவருக்கு, தொடக்க நிலை விஞ்ஞானிப் பணிக்கு அந்தந்தப் பிரிவில் பி.இ.யும் 65 சதவீதமும் இருந்தால் தேர்வு எழுதலாம், எம்.இ. கேட்பதில்லை.

இந்த வேலைகளுக்கு எம்.எஸ்ஸி. படிப்பதால் பலன் இல்லை என்பதோடு முடிந்துவிடவில்லை, நஷ்டமும் உண்டு. வங்கி எழுத்தர் பணிக்கு வயது 20 முதல் 28, அதிகாரி பணிக்கு 20 முதல் 30. ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்று ஆண்டு தளர்வு. யு.பி.எஸ்.சி.க்குப் பொதுப் பிரிவில் 32 வயது, ஆறு முறை, ஓ.பி.சி.க்கு 35 வயது, ஒன்பது முறை. 21 வயதில் பட்டம் முடித்த பிள்ளை 23 வரை எம்.எஸ்ஸி., 25 வரை பி.எட். என்று போய்விட்டு, 'இப்ப வங்கித் தேர்வு எழுதிப் பாக்கேன்' என்று வந்தால், எழுத்தருக்கான எட்டாண்டு ஜன்னலில் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

'எம்.ஏ. சேர்ந்துகொண்டே தேர்வுக்குப் படிக்கிறேன்' என்பதும் உண்டு. அதற்குத் தொலைநிலையில் எம்.ஏ. சேர்ந்தால் போதும், யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள படிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் பஸ் பிடித்துப் போய், வருகைப் பதிவுக்கு உட்கார்ந்து, செமினார் எடுத்து, இன்டர்னல் எழுதி, அதற்கிடையில் குரூப் 1-க்குப் படிப்பது என்பது சொல்ல எளிது.

செலவுக் கணக்கு

கட்டணத்தை மட்டும் செலவு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான்.

ஒரு பட்டதாரிக்கு மாதம் 15,000 ரூபாயில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டுவிட்டு எம்.எஸ்ஸி. சேர்கிறார். கட்டணம், பஸ், புத்தகம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000. இரண்டு ஆண்டில் கைவிட்ட சம்பளம் 3,60,000, செலவு 1,20,000, ஆக 4,80,000. மேலும் இரண்டு ஆண்டு பி.எட். என்றால் 9,60,000. இது கெட்ட முதலீடு என்று அர்த்தமில்லை; விலை இதுதான் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே. அந்த 15,000 ரூபாய் வேலையே கைக்கு எட்டவில்லை என்றால் கணக்கு மாறும், அதுவும் உண்மை. வேலை கிடைக்காத ஆண்டில் படிப்பது மலிவு.

அடுத்து கடன். எம்.பி.ஏ.வுக்கு 10 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைப்போம். படிப்பு இரண்டு ஆண்டு, முடிந்த பின் ஓராண்டு தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. முழுப் பணமும் முதலிலேயே வாங்கியிருந்தால் சாதாரண வட்டியாகவே மூன்று ஆண்டில் 3 லட்சம் ஏறிவிடும். 13 லட்சத்தைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 17,180 ரூபாய். மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டும். அந்த மூன்று ஆண்டும் வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை சுமார் 13,215-க்கு இறங்கும். படிப்பு முடிந்து முதல் வேலையில் கையில் வரும் சம்பளம் 25,000 என்றால், 17,180 போக மிச்சத்தில் சென்னையில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா? கல்லூரியில் 'அதிகபட்சச் சம்பளம்' எவ்வளவு என்று கேட்காதீர்கள். கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள்.

7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் இல்லாமல் வழங்க மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் உண்டு. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ரப்பர் தோட்டமோ வீடோ வங்கிக்குப் போகும். இன்னொன்று: அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இளநிலையோடு நின்றுவிடுகிறது. முதுநிலைக்கும் அது வரும் என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மற்ற துறைகள், சுருக்கமாக

செவிலியர்: எம்.எஸ்ஸி. நர்சிங் சேரவே பி.எஸ்ஸி. முடித்து ஓராண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். அது நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்க விரும்புவோருக்கு. வளைகுடாவோ ஐரோப்பாவோ போகத் திட்டமிடும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு, மருத்துவமனை அனுபவமும் மொழித் தேர்வும் எம்.எஸ்ஸி.யைவிடப் பயன்படும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி2 நிலை.

சட்டம்: எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். தபாலில் படித்த எல்.எல்.பி.யை வைத்துப் பதிவு செய்ய முடியாது. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எல்.எல்.பி. முடித்ததும் எல்.எல்.எம்.முக்கு ஓடுவதைவிட, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேர்வது நீதிபதி ஆசை உள்ளவருக்குப் பொருத்தம்.

வணிகவியல்: பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேராகச் சேரலாம். 2023-இல் வந்த புதிய முறையில் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டாகக் குறைந்தது. பயிற்சி மட்டும் எம்.காம். படிக்கும் அதே இரண்டு ஆண்டு. தேர்வு கடினம், ஆனால் யோசிக்க வேண்டிய வழி.

பொறியியல்: கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அது இல்லாமல், வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பக்கத்துக் கல்லூரியில் எம்.இ. சேர்ந்தால், வேலை தேடுவது இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு மார்த்தாண்டத்திலிருந்து போய்வருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று.

வெளிநாடு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முடக்குக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே சுமார் 12 லட்சம். பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்கும் விசா இரண்டு ஆண்டாக இருந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். அமெரிக்காவில் புதிய எச்1பி வேலை விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். 'அங்கே போய் இரண்டு ஆண்டு வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்' என்று ஏஜென்ட் சொல்வது, சேரும் ஆண்டின் விதியை வைத்து. பிள்ளை படித்து முடிக்கும் ஆண்டில் என்ன விதி இருக்கும் என்று ஏஜென்டுக்கும் தெரியாது.

விண்ணப்பம் போடும் முன்

1. பதவியின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். 'நல்ல வேலை' என்று எழுதக் கூடாது.
2. அந்தப் பதவிக்கு வந்த கடைசி அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதி, வயது, பாடப் பெயர் மூன்றையும் அடிக்கோடிடுங்கள். முதுநிலை கேட்டிருந்தால் சேருங்கள். கேட்காவிட்டால், வேறு எந்தக் காரணத்துக்காகச் சேர்கிறோம் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். பாடத்தின் மேல் உள்ள ஆசை ஒரு காரணம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும்' என்பது பெற்றோரின் காரணம். பெண்ணின் காரணம் என்ன என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.
3. கைவிடும் சம்பளத்தோடு சேர்த்துச் செலவைக் கூட்டுங்கள்.
4. ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன குறையும் என்று பாருங்கள். எம்.எஸ்ஸி. சேர்க்கை அடுத்த ஜூனிலும் வரும். வேலை பார்த்துவிட்டு வந்து படிப்பது எம்.பி.ஏ.வுக்கு நல்லதுகூட.

இந்த ஆண்டு சேரவில்லை என்று முடிவெடுத்தாலும் கல்லூரியிலிருந்து டி.சி., தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர் அதற்கான சான்றிதழையும் கையோடு வாங்குவது நல்லது. பிற்பாடு கேரளப் பல்கலைக்கழகம் எதிலாவது சேர நினைத்தால், இடம்பெயர்வுச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். அதற்கு அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த வேலையைத் தொடங்கினால் நடக்காது.